மீன் எண்ணெயிலிருந்து நொதி வழியே எமல்சிஃபையர்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மத்தி எண்ணெயையும் கிளிசராலையும் லைபேஸ் நொதியோடு சேர்த்துக் கலக்கி, மோனோகிளிசரைடும் டைகிளிசரைடும் கலந்த உணவுத்தர எமல்சிஃபையரை, அதாவது சேர்மானப் பட்டியலில் ஐ.என்.எஸ். 471 என்று அச்சாகும் பொருளை, சிறிய அளவில் செய்து பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எமல்சிஃபையர் என்பது எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்துவைக்கும் பொருள். கிளிசராலோடு ஒரு கொழுப்பமிலம் இணைந்தது மோனோகிளிசரைடு, இரண்டு இணைந்தது டைகிளிசரைடு, மூன்று இணைந்தது டிரைகிளிசரைடு, அதாவது எண்ணெய். இந்த இணைப்பை வெட்டவும் சேர்க்கவும் வல்ல நொதிதான் லைபேஸ். இந்த வேலையில் திரும்பத் திரும்ப வருபவை ஆறேழு பழுதுகள்தாம். பழுது வந்ததும் எல்லோரும் முதலில் நொதியைச் சந்தேகித்துப் புதுப் பொதி வாங்கிவிடுகிறார்கள். இருப்பதிலேயே விலை கூடிய பொருள் அதுதான் என்பதால் அதைக் கடைசியில் சந்தேகிப்பதே முறை. நான் சரிசெய்த பேட்ச்களில் பெரும்பாலானவை தண்ணீராலோ, கலக்கிய விதத்தாலோ, வந்து சேர்ந்த எண்ணெயாலோ கெட்டவை.

கீழே சொல்வதெல்லாம் கரைப்பான் சேர்க்காத முறைக்குப் பொருந்தும். ஒரு கிலோ சுத்திகரித்த எண்ணெய்க்கு 310 கிராம் கிளிசரால் (மோல் கணக்கில் ஒன்றுக்கு மூன்று), எண்ணெய் எடையில் 5 முதல் 10 சதவீதம் நிலைநிறுத்திய (அதாவது சிறு மணிகளின் மேல் ஒட்டவைத்த) லைபேஸ், 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பம், மேலே நைட்ரஜன் போர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைகளில் பாதிக்கு ஒரு சிலிக்கா டி.எல்.சி. தகடே (கலவையின் பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தகடு) போதும். ஹெக்சேன் 70, டைஎத்தில் ஈதர் 30, அசிட்டிக் அமிலம் 1 என்ற கலவையில் தகட்டை ஓடவிட்டு, காயவைத்து, அயோடின் படிகம் போட்ட மூடிய ஜாடிக்குள் சில நிமிடம் நிறுத்தினால் பழுப்புப் புள்ளிகள் தெரியும். மேலே இருப்பது மாறாத எண்ணெய். அதற்குக் கீழே கட்டற்ற கொழுப்பமிலம். பிறகு நெருங்கி நிற்கும் இரண்டு டைகிளிசரைடு புள்ளிகள். தொட்டு வைத்த கோட்டை ஒட்டியே மோனோகிளிசரைடு. மீதமுள்ள கிளிசராலும் அதே கோட்டில் தங்கிவிடும் என்பதால், மாதிரியைச் சூடாகவே சிறிது நேரம் நிற்கவிட்டு, மேலடுக்கை மட்டும் எடுத்துத் தொட்டு வையுங்கள்.

## நான்கு மணி நேரமாகியும் மோனோகிளிசரைடு புள்ளி தோன்றவில்லை

கலக்கியை நிறுத்தி, கண்ணாடிக் குழாயில் ஒரு மாதிரியை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கிளிசராலின் அடர்த்தி 1.26, மீன் எண்ணெயின் அடர்த்தி ஏறக்குறைய 0.92. இந்த வேறுபாட்டால் கலக்குதல் சற்றுத் தளர்ந்தாலும் கிளிசரால் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

### மாதிரி உடனே இரண்டு அடுக்காகப் பிரிந்தால்

பழுது கலக்குவதில் இருக்கிறது. நொதி மணிகளைக் கரண்டியால் எடுத்துப் பாருங்கள். நல்ல நிலையில் அவை மணல்போல் தனித்தனியே உதிரும். கிளிசரால் பூசிய மணிகளோ ஊறிய ஜவ்வரிசிபோல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக வரும். அந்தப் பூச்சைத் தாண்டி எண்ணெய் நொதியைத் தொடவே முடியாது. சிலிக்கா மேல் நிலைநிறுத்திய வகை, அக்ரிலிக் பிசின் மேல் நிறுத்திய வகையைவிடக் கிளிசராலை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே அதில் இந்தத் தொல்லையும் அதிகம்.

செலவில்லாத தீர்வு, சேர்க்கும் வரிசையை மாற்றுவது. முதலில் எண்ணெயையும் நொதியையும் சேர்த்து வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, பிறகு கிளிசராலை மூன்று அல்லது நான்கு பங்காக, ஒவ்வொரு பங்குக்கும் இடையே ஒரு மணி நேரம் விட்டு ஊற்றுங்கள். முதல் பங்கிலிருந்து உண்டாகும் மோனோகிளிசரைடே அடுத்த பங்கை எண்ணெயில் பிடித்து வைத்துக்கொள்ள உதவும். அதுவும் போதாவிட்டால், ஏறத்தாழச் சம எடையுள்ள சிலிக்கா ஜெல்லில் கிளிசராலை உறிஞ்சவைத்துத் தூளாகச் சேர்க்கலாம். வடிகட்டும் வேலை கூடினாலும் கிளிசரால் மணிகளில் படியாது.

### மாதிரி சீராகக் கலங்கலாகவே நின்றால்

கலவையின் நடுவில் ஒரு தனி வெப்பமானியை இறக்குங்கள். வெந்நீர்த் தொட்டியின் எண்ணைப் பார்த்துவிட்டுக் கலவையும் அதே சூட்டில் இருப்பதாக நம்பியவர்களிடம் எட்டு டிகிரி வரை குறைவைக் கண்டிருக்கிறேன்.

வெப்பமும் சரியென்றால், எண்ணெயையும் நொதியையும் பிரித்தறியும் ஒரு சோதனை இருக்கிறது. கடையில் புதிதாக வாங்கிய சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் 100 கிராமை எடுத்து, அதே நொதி, அதே கிளிசரால், அதே பாத்திரத்தில் நான்கு மணி நேரம் ஓட்டுங்கள்.

சூரியகாந்தியில் புள்ளி தெளிவாக வந்துவிட்டால் நொதி நலமாக இருக்கிறது. குறை மீன் எண்ணெயில் இருக்கிறது. பெராக்சைடு (எண்ணெய் காற்றுபட்டுக் கெடத் தொடங்கும்போது உண்டாவது), பிசின் நீக்கத்தில் எஞ்சிய பாஸ்பாரிக் அமிலம், நடுநிலையாக்கலில் கழுவாமல் விட்ட சோப்பு, பாஸ்போலிப்பிடு ஆகிய நான்கும் லைபேஸைக் கெடுப்பவை. எண்ணெயை வெந்நீரால் ஒருமுறை கழுவி, வெற்றிடத்தில் உலர்த்தி, வெளுப்பு மண் சேர்த்து வடிகட்டிய பிறகு மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நகராவிட்டால் அந்த டிரம்மைத் திருப்பி அனுப்புவதே சிக்கனம்.

சூரியகாந்தியிலும் வராவிட்டால், புதிய நொதி 5 கிராமை மட்டும் எடுத்து இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். புதியது ஓடினால் பழையது செத்துவிட்டது என்று பொருள். அக்ரிலிக் பிசின் மணிகளைத் தூக்கி எறிவதற்கு முன், டெர்ஷியரி பியூட்டனாலால் கழுவிக் கிளிசராலை நீக்கிப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கரைப்பானின் சுவடே மிஞ்சாதபடி உலர்த்தி, கழுவிய நொதியை முதலில் சோதனை பேட்ச்சில்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆளை அழைக்க வேண்டிய இடம்: புதிய நொதியும் சூரியகாந்தியும் சேர்ந்தே தோற்றால் பாத்திரத்தையும் கலக்கியையும் ஒரு செயல்முறைப் பொறியாளர் பார்க்க வேண்டும். மூன்று நான்கு பேட்ச்களுக்குள் அடுத்தடுத்து இரண்டு பொதி நொதி செத்தால், பொதி எண்ணைக் குறித்துக்கொண்டு, விற்றவரின் தொழில்நுட்பப் பிரிவிடம் பேசுங்கள்.

## நன்றாகத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகிறது

இது பல சமயம் பழுதே ஆகாது. கரைப்பான் இல்லாத முறையில் கிளிசரால் எண்ணெயில் ஓரளவுக்கு மேல் கரையாது. மோனோகிளிசரைடு எடையில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை வந்ததும் வினை சமநிலைக்கு வந்து நின்றுவிடும். சமநிலையா, நொதியின் தளர்ச்சியா என்று அறிய, நின்றுபோன கலவையிலிருந்து 100 கிராம் எடுத்துப் புதிய நொதி 5 கிராம் சேர்த்து மூன்று மணி நேரம் ஓட்டுங்கள். தகட்டில் மாற்றமே இல்லையென்றால் அதுதான் சமநிலை; அதன்மேல் எத்தனை மணி நேரம் கூட்டினாலும் எண்ணெய்தான் கெடும். மாற்றம் தெரிந்தால் நொதி தளர்ந்திருக்கிறது, அல்லது முதலில் போட்ட அளவு குறைவு.

உணவுச் சேர்பொருளாக விற்க மோனோகிளிசரைடு மட்டும் தூயதாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐரோப்பிய விதி இ 471 என்ற (இதே 471) பொருளில் மோனோவும் டையும் சேர்ந்து 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. ஆகவே தகட்டில் மேலே நிற்கும் மாறாத எண்ணெய்ப் புள்ளி எவ்வளவு மெலிந்தது என்று பார்ப்பதே பயனுள்ளது.

### டி.எச்.ஏ. மட்டும் மோனோகிளிசரைடில் குறைந்திருந்தால்

மீன் எண்ணெய்க்கே உரிய சிக்கல் இது. டி.எச்.ஏ., இ.பி.ஏ. இரண்டும் மீன் எண்ணெயின் ஒமேகா-3 கொழுப்பமிலங்கள். டி.எச்.ஏ.யின் முதல் இரட்டைப் பிணைப்பு நான்காம் கார்பனிலும், இ.பி.ஏ.யின் முதல் பிணைப்பு ஐந்தாம் கார்பனிலும், அதாவது நொதி வெட்ட வேண்டிய இடத்துக்கு வெகு அருகிலேயே, அமைந்திருப்பதால் பல லைபேஸ்கள் இவற்றை எளிதில் தொடுவதில்லை. ரைசோமியூக்கர் மீஹே, தெர்மோமைசிஸ் லனுஜினோசஸ் ஆகிய பூஞ்சைகளின் லைபேஸ்களில் இந்தப் பாகுபாடு நன்றாகவே தெரியும். பாமிட்டிக், ஒலியிக் அமிலங்கள் முதலில் பிரிந்து வர, டி.எச்.ஏ. எண்ணெயிலேயே தங்கிவிடும். கேண்டிடா அண்டார்க்டிகா பி லைபேஸ் இதில் ஓரளவு தாராளமானது. நொதியை மாற்றும் முடிவுக்கு முன், மோனோகிளிசரைடுப் பகுதியைத் தனியே பிரித்து வாயு நிறப்பகுப்பாய்வுக்கு அனுப்புங்கள்; டி.எல்.சி. தகட்டால் இதைக் காட்ட முடியாது.

ஆளை அழைக்க வேண்டிய இடம்: 90 சதவீத மோனோகிளிசரைடு வேண்டும் என்று வாங்குபவர் கேட்டால், உயர் வெற்றிடத்தில் குறும்பாதை வாலைவடிப்புத் தேவைப்படும். அந்த இயந்திரத்தை வாங்க எண்ணாமல், வாடகைக்கு ஓட்டித் தருபவரைத் தேடுங்கள்.

## அமில எண் ஏறிக்கொண்டே போகிறது

அமில எண் என்பது கட்டற்ற கொழுப்பமிலம் எவ்வளவு இருக்கிறது என்பதன் அளவு. என் அனுபவத்தில் மிகுதியான பேட்ச்களைத் தின்றது இந்தப் பழுதுதான். தண்ணீர் இருந்தால் லைபேஸ் கிளிசராலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு வினைபுரிந்து கொழுப்பமிலத்தை விடுவிக்கும். அளவை நினைத்துப் பாருங்கள்: 310 கிராம் கிளிசராலில் 4 சதவீதம் தண்ணீர் இருந்தால் அது 12 கிராமுக்குச் சற்று மேல், அது முழுதும் வினைப்பட்டால் ஏறத்தாழ 200 கிராம் கொழுப்பமிலம் விடுபடும். உணவுத்தர மோனோ, டைகிளிசரைடுக்கு அமில எண்ணின் உச்சவரம்பு 6; ஒலியிக் அமிலமாகக் கணக்கிட்டால் சுமார் 3 சதவீதம். ஒரு கிலோ எண்ணெயில் தொடங்கிய பேட்ச் அந்த வரம்பைத் தொட இரண்டு, இரண்டரை கிராம் தண்ணீரே போதும்.

### முதல் மணி நேரத்திலேயே ஏறினால்

தண்ணீர் மூலப்பொருளோடு வந்திருக்கிறது. கிளிசரால் டிரம்மை யார், எப்போது திறந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். கிளிசரால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு மழைக்காலத்தில் அடுத்தடுத்து மூன்று பேட்ச்களில் அமில எண் 11, 14, 17 என்று ஏறியபோது, நாங்கள் நொதியை மாற்றினோம், எண்ணெயை மாற்றினோம். கடைசியில் பார்த்தால், டிரம்மின் மூடி தொலைந்துபோய், ஒரு பாலிதீன் தாளை ரப்பர் வளையத்தால் கட்டிவைத்திருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் அந்த டிரம் இன்னும் கொஞ்சம் தண்ணீரைக் குடித்திருக்கிறது.

கார்ல் ஃபிஷர் கருவி இருந்தால் தண்ணீரை நேரே அளந்துவிடலாம். இல்லாவிட்டால் 100 கிராம் கிளிசராலை வெற்றிடத்தில் 80 முதல் 90 டிகிரியில் எடை மாறாத வரை வைத்து, எத்தனை கிராம் குறைந்தது என்று பாருங்கள். எண்ணெய்க்கு, சூடான இரும்புக் கரண்டியில் சில துளி விட்டுப் படபடவென்று பொரிகிறதா என்று கேட்டாலே போதும். இரண்டையும் வெற்றிடத்தில் உலர்த்திவிட்டுத் தொடங்குங்கள். அதற்காக நொதியைச் சூளையில் வைத்து வறட்டிவிடாதீர்கள். லைபேஸ் வேலை செய்ய அதன் மேல் சிறிதளவு ஈரம் இருந்தாக வேண்டும், முற்றாகக் காய்ந்தால் வினை மந்தமாகும்.

### பாதி வழியில் திடீரென ஏறினால்

வெளியிலிருந்து தண்ணீர் வருகிறது. மேல்மூடியில் ஆவி குளிர்ந்து சொட்டுகிறதா, கலக்கித் தண்டின் சீல் வழியே ஈரக்காற்று நுழைகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், பாத்திரத்தைச் சுற்றி வெந்நீர் ஓடும் ஜாக்கெட்டின் வெல்டிங்கில் கீறல் இருக்கலாம். பாத்திரத்தைக் காலிசெய்து, உட்புறத்தைத் துடைத்து, ஜாக்கெட்டில் மட்டும் வெந்நீரை ஓட்டி ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் ஈரக்கோடு தெரியும்.

### ஏறிவிட்ட பேட்ச்சை மீட்க

தயவுசெய்து காரம் சேர்த்து நடுநிலையாக்காதீர்கள். சாதாரண எண்ணெயில் சரியான அந்த முறை இங்கே சோப்பையும் மோனோகிளிசரைடையும் ஒன்று சேர்த்து, எதனாலும் பிரியாத பாலாக்கிவிடும். அப்படி இழந்த ஒரு முழுப் பேட்ச்சை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நொதியை உள்ளேயே விட்டு, 60 டிகிரியில் வேக்குவம் பம்பை இணைத்துத் தண்ணீரை இழுத்தெடுங்கள். தண்ணீர் வெளியேற வெளியேற, விடுபட்ட அமிலம் அங்கேயே இருக்கும் கிளிசராலோடு மறுபடியும் இணையும். அமில எண்ணை மணிக்கொருமுறை அளந்தால் இறங்குவது தெரியும்.

ஆளை அழைக்க வேண்டிய இடம்: ஜாக்கெட்டில் கீறல் என்று உறுதியானால் உள்ளூர் வெல்டிங் பட்டறையில் கொடுக்காதீர்கள், அழுத்தப் பாத்திர வேலைக்குத் தகுதி பெற்றவர்தான் பற்றவைத்து, அழுத்தச் சோதனையும் செய்து தர வேண்டும்.

## வாடை வருகிறது, நிறம் கறுக்கிறது

வந்த எண்ணெயையும் முடிந்த பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெராக்சைடு எண் (இப்போது கெட்டுக்கொண்டிருப்பதன் அளவு), அனிசிடின் எண் (முன்பே கெட்டதன் அளவு) இரண்டையும் பாருங்கள். மீன் எண்ணெய்க்கான கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) தரம் பெராக்சைடுக்கு 5, அனிசிடினுக்கு 20, பெராக்சைடின் இரு மடங்கோடு அனிசிடினைக் கூட்டிய மொத்தத்துக்கு 26 என்று வரம்பு வைக்கிறது.

வந்த எண்ணெயிலேயே பெராக்சைடு குறைவாகவும் அனிசிடின் மிகுதியாகவும் இருந்தால், அது ஏற்கெனவே கெட்டு, பிறகு சுத்திகரிக்கப்பட்ட எண்ணெய். மத்தியின் கொழுப்பு பருவத்தோடு ஏறி இறங்கும்; தென்மேற்குப் பருவமழையை அடுத்த மாதங்களில்தான் மீனில் எண்ணெய் மிகுந்திருக்கும். கோடையில் வாங்கும் எண்ணெய் பல மாதம் டிரம்மில் கிடந்ததாக இருக்கக்கூடும்; எடுத்த மாதத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வந்தபோது நன்றாக இருந்து, வினையின்போது கெட்டால், கலக்கியின் சுழிப்பு மேலிருந்து காற்றை உள்ளே இழுக்கிறதா, நைட்ரஜன் உருளை இரவில் தீர்ந்துவிட்டதா, வழியில் எங்காவது பித்தளை வால்வோ செப்புக் குழாயோ துருவேறிய இரும்போ இருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். உலோகச் சுவடு மீன் எண்ணெயை வெகு விரைவில் கெடுக்கும். துருவேறா எஃகுக்கு மாற்றி, தொடங்கும் முன்னரே கலப்பு டோக்கோபெரால் (வைட்டமின் இ வகை, எண்ணெய் கெடாமல் காப்பது) சேர்த்துவிடுங்கள்.

வினை முடிந்த பின் வாடை நீக்கும் கருவியில் போட்டால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். அந்தச் சூட்டில் மோனோகிளிசரைடே ஆவியாகி வெளியேறும். மீதியும் டை, டிரைகிளிசரைடுகளாகத் திரும்பத் தொடங்கும். வாடை நீக்கம் எண்ணெய் நிலையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

## கிளிசரால் பிரியாமல் பாலாகவே நிற்கிறது

செய்த பொருளே எமல்சிஃபையர் என்பதால் இது எதிர்பார்க்கத்தக்கதே. முதலில் நொதியை வடிகட்டி எடுத்துவிட்டு, 60 டிகிரியில், கலக்காமல், ஓர் இரவு நிற்கவிடுங்கள். ஆறினால் அந்தப் பால் தடித்துவிடும், பிறகு பிரியாது. பிரியாவிட்டால் சூடான நிலையிலேயே மையவிலக்கில் சுழற்றுங்கள். அதுவும் போதாவிட்டால் 10 சதவீத உப்புநீரால் மெல்லக் கழுவி, பிரிந்த மேலடுக்கை வெற்றிடத்தில் உலர்த்தலாம். வெறும் தண்ணீரை ஊற்றினால் நிலைமை மோசமாகும். மிஞ்சும் கட்டற்ற கிளிசரால் 7 சதவீதத்துக்குள்ளும் தண்ணீர் 2 சதவீதத்துக்குள்ளும் நிற்க வேண்டும்.

## வடிகட்டி அடைக்கிறது, அடியில் மாவு படிகிறது

நொதி மணிகள் அரைபடுகின்றன. பாத்திரத்தின் அடியில் உருளும் காந்தக் கலக்கி அம்மிபோல் அவற்றை நசுக்கும். மேலிருந்து இறங்கும் நங்கூர வடிவக் கலக்கிக்கு மாறுங்கள். சிலிக்கா மணிகள் எளிதில் உடையும்; அவற்றைக் கலக்குவதைவிடக் குழாய்ப் படுகையில் நிரப்பி எண்ணெயைச் செலுத்துவது நல்லது. படுகையில் அழுத்தம் ஏறினால் அங்கேயும் பெரும்பாலும் கிளிசரால் தேக்கமே காரணம்.

உலர்ந்த நொதித் தூசி மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கவல்ல ஒவ்வாமை வரும். பொதி மாற்றும்போது நல்ல தூசிக் கவசம் அணிய வேண்டும். மூச்சு இழுப்போ தொடர் தும்மலோ வந்தவரை அந்த வேலையிலிருந்து உடனே விலக்கி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

## எண்கள் எல்லாம் சரி, ஆனால் பால்மம் உடைகிறது

பால்மம் என்பது எண்ணெயும் தண்ணீரும் கலந்து நிற்கும் கலவை. பொருள் கெட்டியாகாமல் எண்ணெய்போல் இளகியிருப்பதைக் கண்டு தோல்வி என்று நினைக்காதீர்கள். கடையில் வெண்ணிறத் தூளாகக் கிடைக்கும் மோனோஸ்டியரேட் நிறைவுற்ற கொழுப்பால் ஆனது. மீனின் நிறைவுறாக் கொழுப்பால் ஆனது இளகித்தான் இருக்கும்.

மோனோகிளிசரைடின் எச்.எல்.பி. எண் (தண்ணீரை விரும்புகிறதா, எண்ணெயை விரும்புகிறதா என்பதன் அளவு; சிறிய எண் எண்ணெய்ப் பக்கம்) 3 அல்லது 4 அளவில்தான் இருக்கிறது. எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளிகளைப் பிடித்துவைக்க, மார்ஜரின் போன்றவற்றுக்கு, அது ஏற்றது. பால் பானம்போல் தண்ணீருக்குள் எண்ணெயைத் தாங்க, தனியே நின்று உதவாது. செய்த பால்மத்தில் ஒரு துளியைத் தண்ணீரில் விடுங்கள். பரவிக் கரைந்தால் வெளிப்புறம் தண்ணீர். துளியாகவே மிதந்தால் வெளிப்புறம் எண்ணெய். நீங்கள் வேண்டியது எதுவோ அதற்கு எதிராக இருந்தால், பழுது செய்முறையில் இல்லை, பயன்பாட்டில் இருக்கிறது. லெசித்தின் போன்ற வேறொன்றோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள். வகை சரியாக இருந்தும் உடைந்தால், மிஞ்சிய கிளிசராலையும் அமில எண்ணையும் மறுபடியும் அளந்து பாருங்கள்.

ஆளை அழைக்க வேண்டிய இடம்: உணவு தயாரிப்பவருக்கு ஒரு கிலோ கொடுப்பதானாலும், என்.ஏ.பி.எல். (இந்தியாவில் ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை இல்லாமல் கொடுக்காதீர்கள். அமில எண், கட்டற்ற கிளிசரால், தண்ணீர், ஈயம், பெராக்சைடு, மோனோ-டை உள்ளடக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். வாங்கிய நொதி உணவுத்தரப் பொதிதானா என்பதற்கான சான்றையும் கோப்பில் வையுங்கள். மீன் ஒவ்வாமைப் பொருள் என்பதை இந்திய லேபிள் விதிகளின்படி அறிவிக்க வேண்டும். அசைவத்துக்கான பழுப்பு முக்கோணக் குறியும் இதனால் தேவைப்படும். தாவரக் கொழுப்பில் செய்த 471-ஐ இதுவரை வாங்கிவந்தவர் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார் என்பதால், மாதிரி அனுப்பும் முன்னரே அவரிடம் சொல்லிவிடுங்கள்.